பழைய பெயிண்டின் மேல் புதிய வினைல்: ஒரு கிட்டார் நிகழ்வு ஆய்வு

கிட்டாருக்குச் சொந்தக்கார இளைஞரும் அவருடைய அப்பாவும் சம்மதம் சொன்ன பிறகே இதை எழுதுகிறேன். பெயர்களையும் கடையையும் குறிப்பிடவில்லை. வினைல் எனும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் படலத்தை ஒட்டுவது இப்போது சின்ன ஊர்களிலும் சாதாரணமாகிவிட்டது. மோட்டார் சைக்கிளுக்கு ஒட்டுகிறோமே, கிட்டாருக்கு ஒட்டினால் என்ன என்று கேட்டு என் பட்டறைக்கு வருகிறவர்கள் பலர். அவர்களுக்கு இந்த ஒரு நிகழ்வு முழுதாகத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

சுங்கை சிப்புட், மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே உள்ள ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரக் (ரப்பர்) காடு, இப்போது பெரும்பாலும் எண்ணெய்க்கான செம்பனை. தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் பலவும் டவுனைச் சுற்றியுள்ள தாமான்களுக்கு (குடியிருப்புகளுக்கு) வந்துவிட்டன. தோட்டத்தில் இருந்த நாளில் அவர்களுக்கென்று இசைக்குழுக்கள் இருந்தன. கோயில் திருவிழா, தீபாவளிக் கலைநிகழ்ச்சி, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் வாசித்தார்கள். இந்தக் கிட்டாரும் அப்படி ஒரு குழுவில் இருந்ததுதான்.

1954-ல் பென்டர் நிறுவனம் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டாரின் வடிவத்தைப் பார்த்துச் செய்த கிட்டார் இது. ஈப்போவில் யாரோ பயன்படுத்தியதை அப்பா வாங்கியிருக்கிறார். இரண்டு கொம்பு, முன்கை படும் இடத்தில் ஒரு சரிவு, பின்பக்கம் வயிற்றுக்கு ஒரு குழிவு, நான்கு திருகாணியில் நிற்கும் கழுத்து. வாங்கிய சில வருடங்களில், தெரிந்தவரின் கார் பட்டறையில் கொடுத்துச் சிவப்பு ஸ்பிரே அடித்திருக்கிறார். அதன் மேல், பிரிட்ஜுக்கு (பாடியில் தந்திகளைத் தாங்கும் பகுதி) கீழே, குழுவின் பெயரை நண்பர் ஒருவர் வெள்ளை பெயிண்டில் தூரிகையால் எழுதிக் கொடுத்தார். குழு கலைந்து பல வருடம் ஆகிவிட்டது. கிட்டார் அலமாரிக்கு மேலே கிடந்தது.

மகன் இருபது வயதைத் தாண்டியவர். கோயில்களிலும் கல்யாண மண்டபங்களிலும் வாசிக்கும் ஒரு குழுவில் சேர்ந்ததும் அந்தக் கிட்டாரை எடுத்தார். சிவப்பு மங்கியிருந்தது, ஓரமெல்லாம் சில்லு பெயர்ந்திருந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குச் சில வாரங்களே இருந்தன. மறுபடி பெயிண்ட் அடித்தால் காயவே நாளாகும், மழைக்காலம் வேறு. வினைல் ஒட்டினால் ஒரே நாளில் முடியும். அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: எழுதிய பெயர் அழியக் கூடாது. “ஸ்டிக்கர்தானே பா, வேணாம்னா உரிச்சிடலாம்” என்று மகன் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த சிக்கல் எல்லாம் இந்த நம்பிக்கையில்தான் தொடங்கியது. வினைல் உரியும், அது உண்மை. ஆனால் அதனோடு சேர்ந்து வேறு என்ன உரியும் என்பது அடியில் இருக்கும் பூச்சைப் பொறுத்தது. அந்தப் பூச்சு என்ன என்று யாரும் பார்க்கவில்லை.

முதல் முறை ஒட்டியது

வேலையை எடுத்துக்கொண்டது மோட்டார் சைக்கிள், வேன் ஸ்டிக்கர் செய்யும் கடை. கருப்புப் பின்னணியில் தீச்சுவாலை, நடுவில் பெரிய வேல். அச்சடித்து, அன்றைக்கே மேலே லேமினேட் (அச்சைக் காக்கும் தெளிவான படலம்) போட்டு, அன்று மாலையே ஒட்டியிருக்கிறார்கள். தந்தியை மட்டும் கழற்றினார்கள். பிக்கார்ட் (தந்திகளுக்கு அடியில் பாடியின் முகத்தில் திருகிய தட்டைத் தகடு), பிரிட்ஜ், குமிழ் எதையும் தொடவில்லை. படலத்தைப் பாடியின் மேல் போர்த்தி, ஹீட் கன்னால் சூடு காட்டி, கொம்புகளைச் சுற்றி இழுத்து மடக்கி, பிக்கார்டின் ஓரத்தில் கத்தி வைத்து வெட்டினார்கள்.

பார்க்க அழகாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை. திருவிழா இரவில் எடுத்த படங்களைப் பார்த்தேன். மேடை விளக்கில் அது பழைய கிட்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

திருவிழா முடிந்து அடுத்தடுத்து நிகழ்ச்சிகள். கிட்டார் பெரும்பாலும் வேனின் பின்புறத்திலேயே கிடந்தது. நம் ஊர் வெயிலில் மூடிய வண்டிக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும். சில வாரங்களில் கொம்புகளின் உள்வளைவில் படலம் தூக்கியது. முன்கை உரசும் சரிவில் சுருக்கம் விழுந்தது, அதற்குள் வியர்வை இறங்கியது. இளைஞர் ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் உரித்துப் பார்த்திருக்கிறார். படலத்தின் பசைப்பக்கத்தில் சிவப்பு பெயிண்ட் நகம் அளவுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. உடனே நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் நிறுத்தியது இந்த நிகழ்வில் நடந்த மிக நல்ல காரியம்.

பட்டறையில் பார்த்தவை

இளைஞரும் அப்பாவும் சேர்ந்தே வந்தார்கள். முதலில் பிக்கார்டின் 11 திருகாணிகளையும் கழற்றினேன். வெளிச்சம் படாத, வினைலும் படாத பழைய பூச்சு அதற்கடியில்தான் இருக்கும். தந்தியின் அசைவைப் பிடிக்கும் பிக்கப் உட்காரும் குழியின் ஓரத்தில் அடுக்கு அடுக்காகப் பார்க்க முடிந்தது: மரம், அதன் மேல் தொழிற்சாலையில் போட்ட கனமான பளபளப்புப் பூச்சு, அதன் மேல் மெல்லிய சிவப்பு.

பஞ்சுக் குச்சியில் துளி தின்னர் தொட்டு, மறைவான இடத்தில் வைத்தேன். சிவப்பு உடனே கரைந்து பஞ்சில் ஏறியது. அடியில் இருந்த பூச்சு அசையவே இல்லை. ஆக, அடியில் இருப்பது பாலிஎஸ்டர் போன்ற கெட்டியான பூச்சு, மேலே இருப்பது லாக்கர் எனும், தின்னரில் கரையும் பூச்சு. பழைய பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் அப்படியே மேலே அடித்திருக்கிறார்கள். லாக்கருக்குப் பிடிமானம் இல்லை. வினைலின் பசை லாக்கரைப் பிடித்த பிடி, லாக்கர் பாலிஎஸ்டரைப் பிடித்த பிடியைவிட வலுவாக இருந்தது. இழுத்தால் எது போகும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக். அந்தப் படலம் வளைவதற்காக அதில் மென்மையாக்கும் எண்ணெய் போன்ற பொருள் கலந்திருக்கும். அது மெல்ல மெல்ல வெளியேறி லாக்கருக்குள் இறங்கும், லாக்கரை இளக்கும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசிய கிட்டார்களைச் சில வகை ரப்பர் ஸ்டாண்டில் நிறுத்தினால் தழும்பு விழுவதும் இதைப் போன்ற காரணத்தால்தான். இங்கே படலம் மூடியிருந்த இடத்தில் சிவப்பு, நகம் வைத்தால் பதியும் அளவுக்கு இளகியிருந்தது. பிக்கார்டுக்கு அடியில் அதே சிவப்பு கெட்டியாக இருந்தது.

படலத்தையும் பார்த்தேன். அது கேலண்டர் வகை. உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துச் செய்வது, கனம் பொதுவாக 75 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். இழுத்துச் செய்ததால் பழைய அளவுக்கே சுருங்கப் பார்க்கும். தட்டையான பலகைக்கு அது போதும், வளைவுக்கு ஆகாது. காஸ்ட் வகை அப்படியல்ல. திரவமாக ஊற்றி ஆற வைப்பதால் அதற்குள் இழுவிசை இல்லை, கனமும் ஏறத்தாழ 50 மைக்ரான்தான், வளைவில் படிந்து நிற்கும். போதாக்குறைக்கு அச்சு மை உலர நேரம் கொடுக்கவில்லை. கரைப்பான் கலந்த மை என்றால் லேமினேட் போடுவதற்கு முன் குறைந்தது ஒரு நாளாவது திறந்து காய வேண்டும். இல்லையென்றால் உள்ளே அடைபட்ட கரைப்பான் பசையை இளக்கிவிடும். ஓரம் தூக்கியதற்கு வெயில், இழுத்த இழுப்பு, காயாத மை மூன்றுமே காரணம் என்றுதான் படுகிறது. இதில் ஒன்றை மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை.

பிக்கார்டைச் சுற்றிக் கத்தி போன கோடு, சிவப்பைத் தாண்டி அடிப்பூச்சு வரை இறங்கியிருந்தது.

என்ன செய்வது என்ற பேச்சு

மூன்று வழிகளைச் சொன்னேன். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பெயிண்ட் அடிக்கலாம். அதில் பெயர் போய்விடும், அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தூக்கிய ஓரங்களை மறுபடி ஒட்டி அப்படியே விடலாம். ஆனால் அடியில் லாக்கர் இளகிக்கொண்டே இருக்கும், இன்னும் ஒரு வருடம் கழித்து எடுத்தால் இப்போதைவிட மோசமாகும். மூன்றாவது, படலத்தை மெதுவாக எடுத்து, தளர்ந்த சிவப்பைப் பிடித்துவைத்து, இனி அந்தப் பாடியில் எந்த ஸ்டிக்கரும் ஒட்டாமல் விடுவது.

மகனுக்கு முகம் வாடிவிட்டது. “அண்ணே, அப்போ இந்தக் கிட்டாருக்குப் புது லுக்கே கிடையாதா?” என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. மேடையில் நிற்பவருக்குக் கையில் இருப்பது எப்படித் தெரிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

அப்போதுதான் பிக்கார்டை யோசித்தோம். அது தட்டை. 11 திருகாணியில் கழன்று வரும். அதே துளை அமைப்பில் புதிய வெற்றுப் பிக்கார்ட் வாங்கி அதன் மேல் வினைல் ஒட்டினால், பழையது பத்திரமாக இருக்கும், பாடியில் பசை படாது. வேண்டாமென்றால் பழையதையே திரும்ப மாட்டலாம். பென்டரே 1968-ல் டெலிகாஸ்டர் என்ற தன் இன்னொரு வகைக் கிட்டார்களில் பூவேலைச் சுவர்க்காகிதம் ஒட்டி மேலே தெளிவான பூச்சு அடித்து விற்றது. டெலிகாஸ்டரின் முகமும் முதுகும் சரிவு, குழிவு இல்லாத பலகை. அதனால்தான் காகிதம் அங்கே உட்கார்ந்தது. ஒட்டும் வேலை எதற்கும் தட்டையான இடம் கிடைத்தால் அதை விடக்கூடாது என்பது என் கருத்து.

படலத்தை எடுத்தது

ஹீட் கன்னைத் தொடவில்லை. தலைமுடி உலர்த்தும் டிரையரை வைத்து, கை பொறுக்கும் சூடு மட்டும் காட்டினேன். படலத்தை மேல்நோக்கித் தூக்காமல், அதன் மேலேயே மடித்துப் பின்னோக்கி, விரல் அகலம் விரல் அகலமாக இழுத்தேன். சிவப்பு கூடவே கிளம்பும் அறிகுறி தெரிந்தால் நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினேன். பெயர் எழுதிய இடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

தங்கிய பசையை எடுக்க லைட்டர் எண்ணெய், அதுவும் பிக்கார்டுக்கு அடியில் சோதித்த பிறகு. தின்னர், நகப்பாலீஷ் ரிமூவர் இரண்டும் இந்தப் பூச்சுக்கு எமன். பெயர்ந்து நின்ற சிவப்பின் ஓரங்களில் தண்ணீர்போல் மெல்லிய சூப்பர் குளூவை ஊசி முனையால் தொட்டுவிட்டால் அது தானாகவே அடியில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அளவு கூடினால் லாக்கரையே கடிக்கும், ஆகவே பொட்டு பொட்டாகத்தான்.

பெயரில் முதல் எழுத்தின் சுழியும் கடைசி எழுத்தின் கீழ்ப்பாகமும் போய்விட்டன. மற்றது தப்பியது. அப்பா நீண்ட நேரம் பார்த்தார். விட்டுப்போனதை மறுபடி எழுத வேண்டுமா என்று கேட்டேன். “வேணாம் தம்பி, அவன் கையெழுத்து அவனோடதாவே இருக்கட்டும்” என்றார். எழுதிய நண்பர் இப்போது இல்லை.

வேல் அச்சிட்ட படலத்தை என்ன செய்வது என்பது நாங்கள் எதிர்பார்க்காத சிக்கல். குப்பையில் போட அப்பாவுக்கு மனம் வரவில்லை, ஆற்றில் விட நான் சம்மதிக்கவில்லை, அது பிளாஸ்டிக். கடைசியில் மடித்து மஞ்சள் துணியில் சுற்றி வீட்டுக்கே எடுத்துப் போனார்கள். சாமி படத்தையோ வேலையோ இப்படிப்பட்ட இடத்தில் அச்சிட வேண்டாம் என்று அதற்குப் பிறகு எல்லாரிடமும் சொல்கிறேன். முன்கை உரசும், பெல்ட் வார் படும், ஒருநாள் உரித்தாக வேண்டும்.

பிக்கார்டும் பால்மரமும்

புதிய வடிவத்தை மகன்தான் சொன்னார்: பால்மரத்தின் பட்டை. அப்பா மரம் சீவியவர். வெட்டுக்கோடு, வடியும் பால், பட்டையின் சாம்பல் பச்சை, இவை பிக்கார்டில் வர வேண்டும். கழுத்தை மேலே வைத்துச் சுவரில் மாட்டினால் மரம் நேராக நிற்கும்படி படத்தை அமைக்கச் சொன்னோம். பழைய மரங்கள் மிச்சமிருந்த ஓர் இடத்துக்குப் போய் மகனே படம் எடுத்து வந்தார்.

முதல் அச்சைப் பார்த்ததும் அப்பா, “இது தப்பு” என்றார். எங்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மரத்துக்கு முன்னால் நிற்பவருக்கு வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்க வேண்டும். ஒட்டுக்கன்று மரத்தில் ஏறத்தாழ 30 டிகிரி சரிவு. பால் ஓடும் நாளங்கள் பட்டைக்குள் நேர் செங்குத்தாக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். படத்தைப் பிக்கார்டின் வடிவத்துக்குள் பொருத்துவதற்காக வடிவமைப்பாளர் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டிருக்கிறார். பால்வெட்டுத் தெரியாத கண்ணுக்கு அது வெறும் கோடு. மறுபடி அச்சிட்டோம். இந்தத் தடவை மை உலர ஒரு நாள் முழுதும் தொங்கவிட்டு, அடுத்த நாள் லேமினேட் போட்டார்கள். அதே கடைதான். காரணத்தைச் சொன்னதும் தயங்காமல் செய்து கொடுத்தார்கள்.

பிக்கார்டை ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் துடைத்து, படலத்தை நடுவிலிருந்து வெளிநோக்கி ஸ்குவீஜியால் (தேய்த்து அழுத்தும் பட்டை) அழுத்தி ஒட்டினேன். ஓரத்தின் சாய்வைத் தாண்டி மடக்கவில்லை, சாய்வின் மேல்முனையோடு வெட்டிவிட்டேன். அப்போது பிக்கார்டின் கருப்பு விளிம்பு ஒரு வரி போலத் தெரிந்தது, அதுவே நன்றாகத்தான் இருந்தது. திருகாணித் துளைகளில் படலத்தைச் சிறு வட்டமாக வெட்டி எடுத்தேன். இல்லையென்றால் திருகாணி இறுகும்போது படலமும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

இரண்டாவது கிட்டார்

இளைஞருக்கு முழுப் பாடியும் மாறிய கிட்டார் வேண்டும் என்ற ஆசை போகவில்லை. சில மாதம் கழித்து, பயன்படுத்திய மலிவான கிட்டார் ஒன்றை வாங்கி வந்தார். தின்னர் சோதனை செய்தோம். தொழிற்சாலையின் கெட்டிப் பூச்சு, மேலே வேறெதுவும் இல்லை. இதில் ஒட்டலாம்.

கழுத்து, பிக்கார்ட், பிரிட்ஜ், பெல்ட் வார்க் குமிழ் எல்லாம் கழற்றினோம். காஸ்ட் படலம், முகத்துக்கும் முதுகுக்கும் பட்டை வடிவ அச்சு, பக்கச்சுவருக்கு மங்கல் கருப்புப் பட்டி. ஒரே துண்டால் முழுதும் போர்த்தக்கூடாது என்பதுதான் முக்கிய முடிவு. கொம்புக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் ஒரே துண்டை இறக்கினால் அது இழுபட்டுத்தான் நிற்கும், இழுபட்டது என்றாவது திரும்பும். முதலில் பக்கப்பட்டியை ஒட்டி, முகத்தின் உருண்டை விளிம்பைத் தாண்டி 3 மில்லிமீட்டர் ஏறும்படி விட்டோம். அதன் மேல் முகத்துண்டை இறக்கினோம். சரிவில் மட்டும் சூடு காட்டி, இழுபட்ட இடங்களைக் கடைசியில் 90 டிகிரிக்கு மேல் சூடாக்கினோம், ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல். அந்தச் சூடுதான் படலத்தின் பழைய அளவு நினைவை அழிக்கிறது.

கழுத்து உட்காரும் குழிக்குள் துளி படலமும் விடவில்லை. அங்கே மரமும் மரமும் இறுக வேண்டும். பிரிட்ஜுக்கும் கழுத்துத் தகட்டுக்கும் அடியில், அவற்றின் நிழலுக்குள் அடங்கும்படி படலத்தை வெட்டி எடுத்தோம். பாடியின் மேல் கத்தி படாமல் இருக்க, உள்ளே நூல் வைத்த டேப்பை முதலில் ஒட்டி, படலம் போர்த்திய பின் அந்த நூலை இழுத்து வெட்டினோம். கிட்டார்க்காரர்கள் இதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை, கார் ஒட்டுபவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சத்தம் மாறுமா என்று பலர் கேட்கிறார்கள். திடமரக் கிட்டாரில் தந்தியின் அசைவைப் பிக்கப் காந்தம் பிடிக்கிறது. ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரே ஆம்பில் (ஒலிபெருக்கி) வாசித்துக் கேட்டோம், எனக்கோ அவருக்கோ எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பின்னர் நடந்தவை

ஓராண்டு கழித்து இரண்டையும் பார்த்தேன். பழைய கிட்டாரின் பிக்கார்டில் குறை எதுவும் இல்லை, பிக் உரசிய கீறல் லேமினேட்டின் மேல் மட்டும் இருந்தது. பாடியில் இளகிய சிவப்பு, படலம் போன பிறகு மறுபடி ஓரளவு இறுகியிருக்கிறது. பழைய கெட்டி வரவில்லை, அதனால் உறையின் உள்ளே மெல்லிய பருத்தித் துணி விரித்து வைக்கிறார்கள். கல்யாண நிகழ்ச்சிகளுக்கு அதை எடுப்பதில்லை. கோயில் நிகழ்ச்சிக்கு மட்டும், சில நேரம் அப்பாவே இரண்டு பாட்டு வாசிக்கிறார்.

இரண்டாவது கிட்டாரில் முன்கைச் சரிவு சுத்தமாக நிற்கிறது. கீழ்க்கொம்பின் உள்வளைவில் மட்டும் முகத்துண்டு நெல்மணி நீளத்துக்குத் தூக்கியிருந்தது. தூக்கியதை வெட்டி எடுத்தோம், அடியில் கருப்புப் பட்டி இருப்பதால் வெளியே தெரியவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

தின்னர் சோதனை வடிவம் பேசுவதற்கு முன்பே நடக்க வேண்டும். பிக்கார்டைக் கழற்றிப் பார்ப்பதற்கு ஆகும் நேரம், இந்த வீட்டில் சிதைந்த இரண்டு எழுத்துகளின் முன்னால் ஒன்றுமே இல்லை. லாக்கர் என்று தெரிந்தால் பாடியில் படலம் வேண்டாம். மறு பெயிண்ட் அடித்த கிட்டார் என்றால், எந்தப் பட்டறையில் எப்படி அடித்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். இந்த அப்பாவிடம் யாராவது கேட்டிருந்தால், உப்புத்தாள் போடாமல் அடித்ததை அவரே சொல்லியிருப்பார். அவருக்கு அது நினைவில் இருந்தது.

ஸ்டிக்கர் கடையில் மூன்று கேள்வி போதும்: காஸ்டா கேலண்டரா, மை எத்தனை மணி நேரம் உலரும், பாடியின் மேல் கத்தி வைப்பீர்களா. திருவிழா தேதி நெருங்கிவிட்டது என்று உலரும் நேரத்தைக் குறைக்கச் சொல்லக்கூடாது. அவசரம் என்றால் பிக்கார்டை மட்டும் செய்யலாம். ஒட்டிய கிட்டாரை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடக்கூடாது.

கீழ்க்கொம்பின் உள்வளைவில் முகத்துண்டை விளிம்பு உருளத் தொடங்கும் இடத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது. உருண்டையைத் தாண்டி இறக்கியது அங்கேதான் தாங்கவில்லை. இளைஞரின் குழுவில் பேஸ் வாசிப்பவர் தன் கிட்டாருக்கும் இதேபோல் கேட்டிருக்கிறார், அதில் இப்படித்தான் வெட்டப்போகிறோம்.